உருகாமலே உருக்குலையும் உலோகம்

டைட்டானியம் 1668 டிகிரி செல்சியஸில் உருகும். நிக்கல் 1455 டிகிரியில். இந்த இரண்டு உலோகங்களின் தூளையும் கடினமான குண்டுகளோடு ஒரு குடுவையில் போட்டு மூடி, மணிக்கணக்கில் சுழற்றுகிறார்கள். ஆய்வகங்களில் இதற்கு பால் மில் என்று பெயர். குடுவை சூடாகும்; ஆனால் உருகுநிலையின் பக்கத்தில்கூடப் போகாது. கடைசியில் தூளை எடுத்து எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தால், படிகத்துக்கே உரிய கூர்மையான முகடுகள் ஒன்றையும் காணோம். அகலமான ஒரு மேடு மட்டும் தெரிகிறது. உருகிய உலோகத்தைக் கதிரில் காட்டினாலும் கிட்டத்தட்ட இதே மேடுதான் வரும்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் உலோகவியல் துறையில் பி. எஸ். மூர்த்தி, எஸ். ரங்கநாதன், எம். மோகன் ராவ் மூவரும் டைட்டானியம்–நிக்கல், டைட்டானியம்–தாமிரம், மூன்று உலோகங்களும் சேர்ந்த கலவை ஆகியவற்றில் இந்த மாற்றத்தை ஆராய்ந்து 1992-ல் வெளியிட்டார்கள். இப்படி நடக்கிறது என்பது அதற்குள் உலகுக்குப் பழகிப்போயிருந்தது. ஏன் நடக்கிறது என்பதுதான் தீராத கேள்வி. அடுக்கு குலையாமல் நிற்கும் ஒரு படிகம், உருகவும் இல்லாமல், எந்தக் கட்டத்தில் தன் ஒழுங்கைக் கைவிடுகிறது? அந்தக் கட்டம் வருகிறது என்பதை முன்கூட்டியே காட்டும் அறிகுறி உண்டா? உண்டு, படிகம் குலைவதற்கு முன் அதன் விறைப்பு தளர்கிறது என்பது ஒரு பதில். அந்தப் பதிலின் நீண்ட வரலாற்றில் பெங்களூர் பல இடங்களில் தலைகாட்டுகிறது. அதையும், அந்தப் பதில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதையும் இங்கே பார்க்கலாம்.

இப்படி ஒழுங்கிழந்து நிற்கும் திடத்துக்கு உலோகக் கண்ணாடி என்று பெயர். பெயரைக் கேட்டு ஊடுருவிப் பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். அது மினுமினுக்கும் உலோகம்தான். உள்ளே அணுக்களுக்கு வரிசை மட்டும் இல்லை. முதன்முதலில் அதைச் செய்து காட்டியவர்கள் அமெரிக்காவின் கால்டெக் கழகத்தில் போல் டூவெஸும் அவருடன் இருந்த கிளமென்ட், வில்லென்ஸ் இருவரும். ஆண்டு 1960. அணு எண்ணிக்கையில் முக்கால் பங்கு தங்கமும் கால் பங்கு சிலிக்கானும் கலந்த உருகலை, நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற வேகத்தில் குளிர்த்தினார்கள். அணுக்கள் வரிசையில் போய் நிற்க நேரமே கிடைக்கவில்லை. திரவத்தின் அலங்கோலம் அப்படியே உறைந்துவிட்டது. இந்தியாவில் இந்தத் துறையை வேரூன்றச் செய்தவர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் டி. ஆர். அனந்தராமன். அவரும் சி. சூரியநாராயணாவும் 1971-ல், உருகலைத் திடீரெனக் குளிர்த்தும் ஆராய்ச்சியின் முதல் பத்தாண்டை மதிப்பிட்டு எழுதிய நீண்ட கட்டுரை உலகெங்கும் படிக்கப்பட்டது. ரங்கநாதனும் காசியிலிருந்து பெங்களூர் வந்தவரே.

டூவெஸின் பாதை திரவத்திலிருந்து கண்ணாடிக்குப் போவது. அதைப் புரிந்துகொள்வது அவ்வளவு கடினமல்ல. திடப் படிகத்திலிருந்தே நேராகக் கண்ணாடிக்குப் போவதுதான் விசித்திரம். ஏனெனில் படிகம் கண்ணாடியைவிட ஆற்றல் குறைந்த நிலை. தானாக அது அந்தப் பக்கம் ஏறாது. யாரோ ஏற்றிவிட வேண்டும்.

ஒரு திடப்பொருளை இரண்டு விதமாகச் சீண்டிப் பார்க்கலாம். எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாக அழுத்தினால் பருமன் குறையும், வடிவம் மாறாது. சீட்டுக்கட்டின் மேல்சீட்டுகளை மட்டும் பக்கவாட்டில் தள்ளுவதுபோல ஒரு முகத்தைத் தள்ளினால் வடிவம் சாயும், பருமன் மாறாது. முதலாவதை எதிர்க்கும் திறனுக்குப் பருமக் குணகம் என்றும் இரண்டாவதை எதிர்ப்பதற்கு விறைப்புக் குணகம் என்றும் நம் பள்ளி இயற்பியல் பாடத்திலேயே பெயர் உண்டு. தண்ணீரை அழுத்திச் சுருக்குவதும் கடினம்தான். ஆனால் சாய்வை எதிர்க்கும் விறைப்பு தண்ணீருக்குத் துளியும் இல்லை. திடத்துக்கும் திரவத்துக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு எண்ணில் அடங்கியிருக்கிறது. அப்படியானால் உருகுதல் என்பது விறைப்புக் குணகம் பூஜ்ஜியமாகும் தருணம்தானே என்று கேட்கத் தோன்றும்.

அந்த எண்ணத்துக்குக் கணித உருவம் கொடுத்தவர் மாக்ஸ் போர்ன். பெங்களூர் கதையில் அவர் வருவது பலருக்குத் தெரியாது. 1933-ல் நாஜி அரசு அவரைக் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கியது. அந்த ஆண்டு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் பொறுப்பை ஏற்ற சி. வி. ராமன், நாடிழந்த அறிஞர்களைப் பெங்களூருக்குக் கொண்டுவர ஆசைப்பட்டார். போர்ன் 1935-ன் பிற்பகுதியில் வந்து சில மாதங்கள் தங்கினார். அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி தர வேண்டும் என்று ராமன் கழகத்தின் கூட்டத்தில் வாதாடியபோது, ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் போர்ன் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே அவரை மட்டம்தட்டிப் பேசினார். பதவி கிடைக்கவில்லை. 1936-ல் போர்ன் எடின்பரோவுக்குப் போனார். ராமனின் இயக்குநர் பதவியும் 1937-ல் போயிற்று. அந்தக் கூட்டத்தில் கழகம் இழந்தது என்ன என்பதைப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1954-ல், நோபல் குழு சொன்னது.

எடின்பரோவிலிருந்து 1939-ல் போர்ன் படிகங்களின் வெப்பஇயக்கவியலையும் உருகுதலையும் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். ஒரு கனசதுரப் படிகம் நிலைத்து நிற்க மூன்று நிபந்தனைகள் போதும் என்று அதில் காட்டினார். ஒன்று, அழுத்தத்தை அது எதிர்க்க வேண்டும். மற்ற இரண்டும் சாய்வைப் பற்றியவை. கனசதுரப் படிகம் இரண்டு வெவ்வேறு வழிகளில் சாயக்கூடும், இரண்டையுமே அது எதிர்க்க வேண்டும். இவற்றில் எது பொய்த்தாலும் படிகம் தன் உருவில் நிற்காது. வெப்பம் ஏற ஏற அணுக்களின் இடைவெளி கூடுகிறது, விறைப்பு குறைகிறது. சாய்வு நிபந்தனை பொய்க்கும் இடமே உருகுநிலை. தெளிவான, அழகான வாதம். 1940களில் ராமனும் போர்னும் படிக அதிர்வுகளைப் பற்றிக் கடுமையாக மோதிக்கொண்டார்கள். அதில் பொதுவாக போர்ன் பக்கமே சரி என்று இயற்பியல் உலகம் முடிவு செய்தது. ஆனால் உருகுதலைப் பற்றிய போர்னின் வாதத்துக்கு வேறு பக்கத்திலிருந்து சிக்கல் வந்தது.

அளந்து பார்த்தால் உலோகங்கள் உருகும் தருணத்திலும் அவற்றின் விறைப்பில் கணிசமான பங்கு மிச்சமிருக்கிறது. பூஜ்ஜியத்தின் அருகில்கூட அது போவதில்லை. காரணம், உருகுதல் படிகத்தின் உள்ளே தொடங்குவதில்லை. மேற்பரப்பில் தொடங்கி உள்ளே பரவுகிறது. மேற்பரப்பு அணுவுக்கு ஒரு பக்கம் துணையில்லை, ஆகவே அது முதலில் தடுமாறுகிறது. அந்த மேற்பரப்பை மறைத்துவிட்டால்? 1986-ல் கிளைட்டர், பெரபெஸ்கோ குழுவினர் வெள்ளிப் படிகங்களுக்குத் தங்க உறை போட்டுச் சூடாக்கினார்கள். தங்கத்தின் உருகுநிலை வெள்ளியுடையதைவிட 100 டிகிரி அளவுக்கு அதிகம், ஆகவே உறை அப்படியே நின்றது. உள்ளேயிருந்த வெள்ளி தன் உருகுநிலையைத் தாண்டி இருபது டிகிரிக்கும் மேல் போயும் சற்று நேரம் படிகமாகவே இருந்தது. ஆக போர்ன் சொன்னது நாம் அன்றாடம் காணும் உருகுநிலை அல்ல. ஒரு படிகம் தாங்கக்கூடிய கடைசி எல்லை. 2001-ல் ஜின், கும்ப்ஷ், லூ, மா ஆகியோர் கணினியில் மேற்பரப்பே இல்லாத படிகத்தை உருவாக்கிச் சூடேற்றினார்கள். அந்தக் கடைசி எல்லையில் போர்னின் நிபந்தனை பொய்ப்பதும், அணுக்களின் ஆட்டம் ஒரு வரம்பைத் தாண்டினால் படிகம் உருகும் என்று 1910-ல் லிண்டெமன் சொன்ன நிபந்தனை நிறைவேறுவதும் ஒரே இடத்தில் நிகழ்ந்தன. முப்பது ஆண்டு இடைவெளியில், வெவ்வேறு கோணத்திலிருந்து சொல்லப்பட்ட இரண்டும் ஒன்றையே சுட்டின என்பது எனக்கு இந்தத் துறையின் மிக நிறைவான முடிவுகளில் ஒன்றாகப் படுகிறது.

மேற்பரப்பின் குறுக்கீடு இல்லாமல் படிகம் உள்ளிருந்து குலைவது இயற்கையில் அரிது. அதைச் சாதாரண வெப்பநிலையிலேயே காணலாம் என்று காட்டியதுதான் படிகத்திலிருந்து கண்ணாடிக்குப் போகும் ஆராய்ச்சியின் பெரிய கொடை.

1983-ல் மூன்று வழிகள் ஒன்றாகத் திறந்தன. கால்டெக்கில் யே, சாம்வெர், ஜான்சன் மூவரும் சிர்க்கோனியம்–ரோடியம் படிகத்துக்குள் ஹைட்ரஜனைப் புகவிட்டார்கள். சுமார் 200 டிகிரியிலேயே படிகம் கண்ணாடியாகிவிட்டது. அதே ஆண்டு ஷ்வார்ட்ஸும் ஜான்சனும் லாந்தனத்தையும் தங்கத்தையும் மிக மெல்லிய அடுக்குகளாக மாறிமாறிப் படியவைத்து, தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கும் குறைவாகச் சூடாக்கினார்கள். இரண்டு படிகங்களும் ஒன்றுக்குள் ஒன்று விரவி, நடுவே கண்ணாடி வளர்ந்தது. ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் காக் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் நிக்கல், நயோபியம் தூள்களை அரைத்தே கண்ணாடியாக்கினார்கள். இட்ரியம்–கோபால்ட் கலவையில் ரஷ்யர்கள் 1981-லேயே இதைப் பார்த்திருந்தார்கள். 1984-ல் உலோகத்துக்கு வெளியே ஓர் அதிர்ச்சி: கனடாவில் மிஷிமா, கால்வெர்ட், வாலி மூவரும் சாதாரணப் பனிக்கட்டியை மைனஸ் 196 டிகிரியில் சுமார் 10,000 வளிமண்டல அழுத்தத்துக்கு உட்படுத்தினார்கள். அது படிக ஒழுங்கை இழந்தது. அழுத்தத்தால் நிகழும் இந்த மாற்றத்தை மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் சிக்காவும் சுரிந்தர் சர்மாவும் பின்னர் விரிவாகத் தொகுத்தார்கள். ஹைட்ரஜன், விரவல், அரைவை, அழுத்தம்: ஏற்றிவிடும் கைகள் வேறு வேறு. போய்ச் சேரும் இடம் ஒன்று.

இத்தனை வழிகளுக்கும் பொதுவான ஒரு நிலை இருக்க வேண்டும் என்ற ஐயத்தை அளவீடாக மாற்றியது சிகாகோ அருகிலுள்ள ஆர்கான் தேசிய ஆய்வகம். அங்கே ஒகமோட்டோ, ரென், கிரிம்ஸ்டிச் ஆகியோரும் கூட்டாளிகளும் சிர்க்கோனியம்–அலுமினியச் சேர்மமான Zr₃Al மீது பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள கிரிப்டான் அயனிகளை வீசினார்கள். ஒவ்வொரு அயனியும் அணுக்களை இடம்பெயர்க்கிறது. சிர்க்கோனியம் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம், அலுமினியத்தின் இடத்தில் சிர்க்கோனியம் என்று ஒழுங்கு கலைகிறது. கலைந்தாலும் படிகம் படிகமாகவே நிற்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அதன் விறைப்பை அளந்தார்கள். கண்ணாடி முளைப்பதற்கு முன்னரே விறைப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. பருமனும் சில விழுக்காடு பெருகியிருந்தது. படிகத்தைச் சூடாக்கும்போது நிகழும் தளர்ச்சியை இங்கே சூடின்றி, ஒழுங்கைக் கலைத்தே கொண்டுவந்துவிட்டார்கள். 1988-ல் வெளிவந்த இந்த முடிவுதான் தளர்ச்சிக் கருத்தின் முதுகெலும்பு.

அந்த விறைப்பை அவர்கள் அளந்தது ஒளியால். பொருளுக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒலி அலைகள் மீது ஒளி பட்டுச் சிதறும்போது அதன் நிறம் மிக நுண்ணிய அளவு மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து ஒலியின் வேகத்தையும், வேகத்திலிருந்து விறைப்பையும் கணக்கிடலாம். பிரில்லுவான் சிதறல் எனப்படும் இந்த விளைவைப் பெங்களூர் நன்கு அறியும். ஒலி அலைகளால் ஒளி விலகுவதை ராமனும் நாகேந்திர நாத்தும் 1935–36-ல், போர்ன் இங்கே இருந்த அதே காலத்தில், கோட்பாடாக்கினார்கள். 1947-ல் இந்திய அறிவியல் கழகத்தில் ஆர். எஸ். கிருஷ்ணன், பாதரச விளக்கின் 2536.5 ஆங்ஸ்ட்ராம் புறஊதா ஒளியைக் கொண்டு வைரத்தில் இந்தச் சிதறலைப் பிடித்துக் காட்டினார். வைரத்தை ஒளி ஊடுருவும், உலோகத்தை ஊடுருவாது. மேற்பரப்பை ஒட்டி ஓடும் அலைகளிலிருந்து வரும் மிக மங்கலான சிதறலைப் பிரித்தெடுக்கும் கருவிகள் 1970களில்தான் தேர்ச்சி பெற்றன. ஆர்கானில் உலோகச் சேர்மத்தின் தளர்ச்சியை அளக்க முடிந்தது அதனால்தான். கிருஷ்ணனின் காலத்தில் பெங்களூரில் இந்தக் கேள்வி எழவில்லை என்பதில் குறையொன்றும் இல்லை. கேள்வியே பிறக்காத காலம் அது.

ஒகமோட்டோவும் லாமும் ரென்னும் பிறகு லிண்டெமனின் பழைய நிபந்தனையை விரித்தார்கள். அணு தன் இடத்திலிருந்து விலகுவதற்கு இரண்டு காரணங்கள்: வெப்பம் கொடுக்கும் ஆட்டம் ஒன்று, பக்கத்தில் தவறான அளவுள்ள அணு வந்து நெருக்குவதால் ஏற்படும் நிரந்தர விலகல் இன்னொன்று. இரண்டின் கூட்டுத்தொகை ஒரு வரம்பை எட்டினால் படிகம் குலையும். ஒழுங்கு கலையக் கலைய உருகுநிலை கீழே இறங்குகிறது. திரவம் ஓட்டமிழந்து இறுகும் கண்ணாடிநிலை வெப்பநிலைக்கும் கீழே அது இறங்கிவிட்டால், உருகும் படிகம் திரவமாக ஓட முடியாது, கண்ணாடியாகவே நிற்கும். இந்தப் பார்வையில் அரைவையால் கண்ணாடியாவதும் அடுப்பில் உருகுவதும் ஒரே நிகழ்வின் இரண்டு முகங்கள். 1988-ல் ஃபெக்டும் ஜான்சனும் வெப்பஇயக்கவியல் வழியாக இதை ஒட்டிய இன்னொரு எல்லையைச் சொன்னார்கள்: அளவு மீறிச் சூடேறிய படிகத்தின் எண்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, திரவத்தினுடையதை எட்டும் இடத்துக்கு அப்பால் படிகம் என்று ஒன்று இருக்க வழியில்லை.

இந்தப் பின்னணியோடு பெங்களூரின் குடுவைக்குத் திரும்பலாம். டைட்டானியம் அணுவின் ஆரம் சுமார் 0.147 நானோமீட்டர், நிக்கலுடையது 0.125. ஏழில் ஒரு பங்கு வேறுபாடு. இவ்வளவு சின்ன அணு இவ்வளவு பெரிய அணுவின் அடுக்குக்குள் கட்டாயமாகத் திணிக்கப்பட்டால் அடுக்கு எங்கும் நெருக்கடி. போதாததற்கு இரண்டும் ஒன்றையொன்று விரும்புகின்றன: கலக்கும்போது வெளிப்படும் வெப்பம் டைட்டானியம்–நிக்கலுக்கு மோலுக்கு சுமார் 35 கிலோஜூல், டைட்டானியம்–தாமிரத்துக்கு 9 மட்டுமே. நிக்கல் டைட்டானியத்துக்குள் அசாதாரண வேகத்தில் நுழையும். டைட்டானியம் அவ்வளவு எளிதில் நகராது. ஒன்று ஓடி, மற்றது நிற்கும்போது புதிய படிகம் ஒன்று முறையாக அடுக்கிக்கொள்ள முடியாது. அரைவையில் குண்டுகளின் ஒவ்வொரு மோதலும் தூளைத் தட்டி, முறித்து, மறுபடி ஒட்டவைக்கிறது. படிக மணிகள் நானோமீட்டர் அளவுக்குச் சிறுக்கின்றன, எல்லைகள் பெருகுகின்றன. கலவை, சிதைவு, எல்லை என்ற மூன்று வழியாகவும் ஆற்றல் ஏறுகிறது.

மூர்த்தி, மோகன் ராவ், ரங்கநாதன் மூவரின் 1995-ஆம் ஆண்டுக் கட்டுரை எனக்கு 1992-ஐவிட முக்கியமாகப் படுகிறது. அதற்கு முன் ஒவ்வொரு ஆய்வகமும் தன் மில்லில், தன் வேகத்தில், தன் குண்டுகளோடு இத்தனை மணி நேரம் அரைத்தோம் என்று எழுதிக்கொண்டிருந்தது. ஒருவர் கண்டதை மற்றவர் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. பெங்களூர்க் குழு அதை ஆற்றலின் மொழிக்கு மாற்றியது: ஒரு மோதலில் குண்டு தரும் ஆற்றல் எவ்வளவு, தூள் மொத்தமாகப் பெற்ற ஆற்றல் எவ்வளவு. இந்த இரண்டையும் அச்சுகளாக வைத்து ஒரு வரைபடம் போட்டால், கண்ணாடி உருவாகும் நிலைமைகள் அதில் ஓர் எல்லைக்குட்பட்ட பகுதியில் விழுகின்றன. தட்டு மெலிதாக இருந்தால் எவ்வளவு நேரம் அரைத்தும் பயனில்லை. மிக வலுவாக இருந்தால் உள்ளூர்ச் சூட்டில் அணுக்கள் மீண்டும் வரிசைக்குத் திரும்பிவிடும். கண்ணாடி கிடைப்பது குலைப்பதற்கும் சீராக்குவதற்கும் நடக்கும் போட்டியில் குலைப்பு சற்றே வெல்லும் இடத்தில். 1998-ல் மூர்த்தியும் ரங்கநாதனும் அரைவை முறை முழுவதையும் தொகுத்து எழுதிய மதிப்புரை இன்றும் மாணவர்கள் கைக்கு முதலில் வரும் நூல்களில் ஒன்று. மூர்த்தி பின்னாளில் கரக்பூர், சென்னை ஐ.ஐ.டி.களில் பணியாற்றி, ஹைதராபாத் ஐ.ஐ.டி.யின் இயக்குநரானார்.

அந்த வரைபடத்தில் ஓர் அச்சு இல்லை: விறைப்பு. எவ்வளவு ஆற்றல் ஏறியது என்று அது சொல்கிறது. ஏறியபோது படிகம் எவ்வளவு தளர்ந்தது என்று சொல்லவில்லை. தூளில் அதை அளப்பது அன்று நடக்கக்கூடிய காரியமுமல்ல.

தளர்ச்சிக் கருத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாமல் செய்வதும் இதே டைட்டானியம்–நிக்கல்தான். இரண்டும் சம அளவில் சேர்ந்தால் நிட்டினால். வளைத்துச் சூடுபடுத்தினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் உலோகம். பெங்களூரின் தேசிய விமான விண்வெளி ஆய்வகமும் இதை உருவாக்கி வந்திருக்கிறது. சாதாரண உலோகம் குளிர்ந்தால் விறைக்கும். நிட்டினால் குளிரும்போது, உருமாறும் வெப்பநிலையை நெருங்க நெருங்க, சாய்வை எதிர்க்கும் திறன் குறைகிறது. ஆனால் அந்தத் தளர்ச்சியின் முடிவில் வருவது கண்ணாடி அல்ல, இன்னொரு படிகம். அதே நிட்டினாலைக் குளிர்நிலையில் உருளைகளுக்கிடையே கொடுத்துக் கடுமையாகத் தகடாக்கினால் பகுதி பகுதியாகக் கண்ணாடியாகிறது என்று 1990-ல் கொய்கே, பார்க்கின், நஸ்தாசி மூவரும் காட்டினார்கள். சாய்வு எதிர்ப்பு தளர்வதே அதற்குக் காரணம் என்றும் வாதிட்டார்கள். நிக்கல் சிறிதே மிகையானால் மூன்றாவது முடிவு: 2005-ல் ஜப்பானில் சர்க்கார், ரென், ஒட்சுகா மூவரும் கண்டபடி, படிக அடுக்கு அப்படியே இருக்க, உள்ளே சாய்வுகள் மட்டும் தாறுமாறாக உறைந்துபோகின்றன. ஒரே படிகம், ஒரே தளர்ச்சி, மூன்று முடிவுகள்.

எனக்கு இதிலிருந்து தெரிவது இது. ஒரு திசையில் மட்டும் தளரும் படிகத்துக்கு அந்தத் திசையில் சாய்ந்து வேறொரு ஒழுங்குக்குப் போக வழி திறந்திருக்கிறது, அது போகும். எல்லாத் திசைகளிலும் சேர்ந்து தளர்ந்து, அணுக்கள் நகர்ந்து மறுபடி அடுக்கிக்கொள்ளும் வழியும் அடைபட்டால்தான் கண்ணாடி. தளர்ச்சி தேவை, அது மட்டும் போதாது.

இன்னும் இரண்டு தடைகளைச் சொல்லாமல் விட முடியாது. எலக்ட்ரான் கற்றையில் நிட்டினால் எளிதில் கண்ணாடியாகிறது. அதே வகை அடுக்குள்ள நிக்கல்–அலுமினியம் விடாப்பிடியாகப் படிகமாகவே நிற்கிறது. அதன் அணுக்கள் தத்தம் இடத்தை மிக வலுவாகப் பற்றியிருப்பதால் கலைத்த ஒழுங்கு உடனே திரும்பிவிடுகிறது. தளர்ச்சி சேர்வதற்கே அவகாசமில்லை. மற்றொன்று, ஷ்வார்ட்ஸ்–ஜான்சனின் மெல்லடுக்குகள். அங்கே படிகம் முழுவதும் தளர்ந்து ஒரே வீச்சில் சரியவில்லை. இரண்டு உலோகங்களும் சந்திக்கும் எல்லையில் கண்ணாடி முளைத்து, இருபக்கமும் தின்றுகொண்டே வளர்ந்தது. இதை மேற்பரப்பில் தொடங்கும் சாதாரண உருகுதலுக்கு நேர் என்றும், அயனி வீச்சில் நிகழ்வதை உள்ளிருந்து குலையும் கடைசி எல்லைக்கு நேர் என்றும் 1990-ல் உல்ஃப், ஒகமோட்டோ, யிப் ஆகியோர் பிரித்துக் காட்டினார்கள். இந்தப் பிரிவினை நியாயமானது. எல்லாக் கண்ணாடியாக்கத்துக்கும் தளர்ச்சியையே காரணமாகச் சொல்லும் எழுத்துகள் இதைக் கவனிப்பதில்லை.

கண்ணாடியான பிறகும் விறைப்பின் பங்கு முடிவதில்லை. ஒரே கலவையின் படிகத்தோடு ஒப்பிட்டால் உலோகக் கண்ணாடியின் அடர்த்தி ஓரிரு விழுக்காடுதான் குறைவு, பருமக் குணகமும் சில விழுக்காடே குறைவு. விறைப்புக் குணகம் மட்டும் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருக்கிறது. இறுக்கமாக அடைபட்டிருந்தும், பக்கவாட்டில் வழுக்கிக்கொடுக்கும் இடங்கள் உள்ளே சிதறிக் கிடக்கின்றன என்பதே இதன் பொருள். 1993-ல் பெக்கரும் ஜான்சனும் சிர்க்கோனியம், டைட்டானியம், தாமிரம், நிக்கல், பெரிலியம் ஐந்தையும் கலந்து, நொடிக்கு ஒரு டிகிரி அளவில் மெதுவாகக் குளிர்த்தினாலும் கண்ணாடியாகும் கட்டி உலோகத்தைச் செய்தார்கள். அதன் பின் இயந்திரவியல் கேள்விகள் முன்னுக்கு வந்தன. இந்திய அறிவியல் கழகத்தில் உபத்ரஷ்ட ராமமூர்த்தியும் கூட்டாளிகளும் 2002-ல், இத்தகைய கண்ணாடியைக் குறைந்த சூட்டில் பதப்படுத்தினால் அது நொறுங்கும் தன்மைக்கு மாறுவதை ஆராய்ந்தார்கள். பதப்படுத்தும்போது அந்த வழுக்கும் இடங்கள் அடங்குகின்றன, விறைப்பு ஏறுகிறது, முறிவைத் தாங்கும் திறன் இறங்குகிறது. 2005-ல் லெவாண்டோவ்ஸ்கி, வாங், கிரியர் மூவரும் பல உலோகக் கண்ணாடிகளைச் சேர்த்துப் பார்த்து, நீட்டும்போது பொருள் பக்கவாட்டில் எவ்வளவு ஒடுங்குகிறது என்பதைச் சொல்லும் பாய்சான் விகிதம் 0.31–0.32-க்குக் கீழே போனால் கண்ணாடி நொறுங்கும் என்று கோடு போட்டார்கள். பெங்களூர் ஜக்கூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு மையத்தில் ஸ்ரீகாந்த் சாஸ்திரியின் குழு, ஒழுங்கற்ற திடத்தை முன்னும் பின்னும் மாறிமாறிச் சாய்த்தால் அது எந்த அளவில் பணிந்துபோகிறது என்பதைக் கணினியில் தேடி 2017-ல் வெளியிட்டது. படிகம் ஒழுங்கிழக்கும் எல்லையும் கண்ணாடி பணியும் எல்லையும் ஒன்றுக்கொன்று உறவா என்பது இன்று இத்துறையில் சூடான கேள்வி.

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: விநியோக மின்மாற்றிகளின் உள்ளகத்துக்குச் சிலிக்கான் எஃகுக்குப் பதில் முடி கனத்தைவிட மெல்லிய, 25 மைக்ரான் அளவுள்ள இரும்புக் கண்ணாடி நாடாவைச் சுற்றினால் சும்மா இருக்கும்போது வீணாகும் மின்சாரம் பெருமளவு மிச்சமாகிறது. ஆனால் அந்த நாடா திரவ வழியில் வருவது. அரைவையில் வந்த தூள் இன்னும் அவ்வளவு பெரிய சந்தையைக் காணவில்லை. ரங்கநாதன் 2003-ல், பெங்களூரிலிருந்து வெளியாகும் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதிய சிறு கட்டுரை, கட்டிக் கண்ணாடிகளையும் மிகை மீள்தன்மை உலோகங்களையும் பல உலோகங்கள் சம பங்கில் சேரும் புதிய கலவைகளையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தது. இன்று உயர் எண்ட்ரோபிக் கலவைகள் என்று உலகெங்கும் படிக்கப்படும் துறையின் ஆரம்ப அறிவிப்புகளில் அதுவும் ஒன்று. அந்தக் கலவைகளிலும் கேள்வி பழையதே: இத்தனை வேறுபட்ட அணுக்களைத் திணித்தும் அடுக்கு ஏன் குலையாமல் நிற்கிறது?

தளர்ச்சி அடையாளம் மட்டுமா, காரணமுமா என்ற கேள்விக்கு ஆர்கானின் அளவீடு அயனி வீச்சில் நல்ல விடை தந்தது. அரைவைக்கு அத்தகைய விடை வேண்டுமானால், ஒரே தூளை அரைவையின் ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்து, எக்ஸ் கதிர்ப் படத்தோடு அதன் விறைப்பையும் அளக்க வேண்டும். தூளைக் கட்டியாக இறுக்கினால் அந்த இறுக்கமே அதன் நிலையை மாற்றிவிடும். ஆனால் நானோ அளவில் வைர முனையால் அழுத்திப் பார்க்கும் கருவி, பிசினில் பதித்த ஒரு தனித் துகளிலேயே, விறைப்போடு நெருங்கிய தொடர்புள்ள மீட்சிக் குணகத்தைத் தருகிறது. அத்தகைய கருவி இந்திய அறிவியல் கழகத்திலும் ஐ.ஐ.டி.களிலும் இருக்கிறது, பால் மில்லும் இருக்கிறது. டைட்டானியம்–நிக்கலையும் நிக்கல்–அலுமினியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலாவது எவ்வளவு தளர்ந்த பிறகு சரிகிறது, இரண்டாவது ஏன் தளர மறுக்கிறது என்று 1995-ஆம் ஆண்டு வரைபடத்தின் மேலேயே குறித்துக் காட்ட முடியும். பொருளறிவியலில் ஆய்வுத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் மாணவர் யாராவது இதைப் படித்தால், அந்த வரைபடத்துக்கு மூன்றாவது அச்சைப் போடும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.